இங்க ஆருங்க படுக்கறது?

அவருடைய முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. தொண்டைதான் நினைவிருக்கிறது. எப்போது பார்த்தாலும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் எங்கள் லயத்துச் சனங்களுக்கு அவருடைய குரல்வளை தெரிந்த அளவுக்குக் கண்ணோ மூக்கோ தெரியாது. மெலிந்து நீண்ட கழுத்து. எச்சில் விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்கும். கூரையில் எதையாவது கண்டுவிட்டால் அது இரண்டு தடவை ஏறி இறங்கும் என்று பக்கத்து வீட்டுச் சவரியம்மா சொல்வாள்.

எங்கள் தோட்டம் தேவிகுளத்துக்கு மேலே இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு ஆறு வீடாகத் தேயிலைக்காரர்களுக்குக் கட்டிவிட்ட லயங்கள். கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே தகரம். தகரத்தைத் தாங்குவதற்கு வீட்டுக்கு இரண்டு உத்தரம். யார் காலத்தில் வைத்த மரமோ தெரியாது. வைகாசி முடிவில் மழை பிடித்தால் ஆவணிவரை விடாது. அதற்கு முன்னால், சித்திரை வெயில் இருக்கும்போதே, ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் பார்த்துச் சொல்வதற்குத் தோட்டத்து ஆபீசில் அவரை அழைத்து வருவார்கள். அது எழுபதுகளில். எனக்குக் கல்யாணமாகி அங்கே போன புதிது.

அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரர். கஞ்சிக்கோட்டில் கம்பெனிகளின் கூரையில் ஏறி வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்களெல்லாம் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள். அவர் பேச்சு எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆபீசிலிருந்து வருகிற எவரும் எங்களை வா, போ என்றுதான் பேசுவார்கள். இவர் கொழுந்தெடுக்கிறவளையும் வாங்க, போங்க என்பார். சின்னப் பிள்ளையைக்கூட, 'கொஞ்சம் நகருங்க கண்ணு' என்பார். இந்த மரியாதையே சிலருக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நோய் முற்றினவர்களிடம்தான் டாக்டர் இப்படி மெதுவாகப் பேசுவார் என்பாள் சவரியம்மா.

கையில் ஒரு மூங்கில் கழி, ஒரு குத்தூசி, சட்டைப் பையில் முகம் மழிக்கப் பார்க்கிற வட்டக் கண்ணாடி. இவ்வளவுதான் அவருடைய சாமான். வாசல் வெயிலில் வீட்டு ஆள் ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே பாயும். அந்த வெளிச்ச வட்டம் இருட்டுக் கூரையில் ஊர்ந்து போகப் போக, இவர் கீழே கழுத்தைச் சாய்த்தபடி அதன் பின்னாலேயே நடப்பார். பேச மாட்டார். அதுவரை நாங்கள் யாரும் பார்க்காத எங்கள் வீட்டு மூலைகளை அந்த வெளிச்சம் தொட்டுக்கொண்டு போகும்.

கடைசியில் சில வீடுகளில் மட்டும் ஒரு இடத்தில் நிற்பார். கண்ணைக் கீழே இறக்காமலே கேட்பார்.

"இங்க ஆருங்க படுக்கறது?"

அவ்வளவுதான். பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 'கூரை கெட்டுப்போச்சு' என்றோ 'வீட்டை விட்டு வெளியே போங்க' என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கண்டதை ஆபீசில்தான் சொல்ல வேண்டும், லயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். சொன்னால் சனங்கள் கூடி ஆபீஸ் முற்றத்தில் வந்து நிற்பார்கள் என்று பயம். அதற்காகவே ஒரு ரைட்டர் நோட்டுப் புத்தகத்தோடு அவர் கூடவே வருவார். சொல்லத்தான் தடை. கேட்கத் தடையில்லை. அதனால் அவர் கேட்டார்.

கேட்டாரென்றால் அன்று மாலையே அந்த வீட்டில் பாயை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் பிறகு பானை இருக்கும், விறகு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

நான் போன முதல் வருடம் சவரியம்மா வீட்டில் கேட்டார். அவளுக்கு அறுபது வயசு, தனிக்கட்டை, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"நாந்தாம்யா படுக்கேன். ஏன், நீரும் வந்து படுக்கப் போறீரா?" என்றாள்.

வாசலில் நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். ரைட்டர்கூடச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. மேலே பார்த்தபடியே, "கேட்டு வெச்சனுங்க" என்றார். குரல்வளை ஏறி இறங்கியது. சவரியம்மா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாயை மாற்ற மாட்டேன், இந்த வயசில் எனக்கு எந்த மரம் விழுந்தால் என்ன என்றாள். ஆடியில் ஒரு நாள் நாங்கள் தேயிலைக் காட்டிலிருந்து வந்து பார்த்தால் அவள் வீட்டில் ஒரு தகரமும் இரண்டு கைமரமும் தரையில் கிடக்கின்றன. சரியாக அவர் நின்று கேட்ட இடம். பாய் அங்கே இல்லை. எதிர்ச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்தது. "அங்கன எறும்பு கடிச்சுதுன்னு மாத்துனேன்" என்றாள். யாரும் நம்பவில்லை. அதன் பிறகு அவரைப் பற்றி அவள் பரிகாசம் பேசி நான் கேட்டதில்லை.

அவரைப் பற்றி இன்னும் சில சங்கதிகள் உண்டு. எந்த வீட்டிலும் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க மாட்டார். வெளியே கல்லில் உட்கார்ந்துதான் குடிப்பார். தூறல் விழுந்தால் குடையை விரித்துக்கொள்வாரே தவிர, இறவாரத்துக்கு அடியில் ஒதுங்க மாட்டார். ஒரு தடவை எங்கள் கோயிலில் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பாதிரியார் ஜெபம் பண்ணும்போது எல்லோரும் தலையைக் குனிந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்திக் கோயில் மோட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தேன். எனக்கு ஜெபம் ஓடவில்லை. அவர் இப்போது கேட்டுவிடுவாரோ, இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவர் குரல்வளையையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சோற்று இலையை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்.

ஸ்டோருக்குப் பின்னால் அவருக்குக் கொடுத்திருந்த அறையில், கட்டிலைப் பாதி வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுத்தான் படுப்பார் என்று காவற்காரர் சொல்வார். தலை வெளியே, கால் உள்ளே. 'கால் போனாப் பரவால்லைங்க' என்றாராம்.

எங்கள் வீட்டில் முதல் வருடம் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் அடுப்படியில் ஒதுங்கி நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. மாமியாரிடமே இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டேன். கேட்டால் பதில், இல்லாவிட்டால் தலையாட்டல். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கூப்பிட்டால்கூட என் குரல் வெளியே வராது. பக்கத்தில் நிற்கிறவள்தான் எனக்காகக் கூவுவாள்.

அடுத்த வருடம் பங்குனியில் என் வீட்டுக்காரரின் தங்கை ஜெயராணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயசு சின்னவள். மாமியார் ஒரு நாள் கூரையைப் பார்த்துவிட்டு, "கூரை பாக்குற பெரியவரு வரப்போறாரு. நம்ம வீடு பேய் வாய் மாதிரி கறுத்துக் கெடக்கு. பாக்கறவுக என்ன நெனைப்பாவ" என்றாள். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அது சொன்ன மாதிரிதான்.

வேறு யாரும் வீட்டில் இல்லாத இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் தகரப் பீப்பாயின்மேல் ஏறி நின்று, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு உத்தரத்தையும் கைமரத்தையும் தேய்த்தேன். எத்தனையோ வருடத்துப் புகைக்கரி, தார் மாதிரிப் பிடித்துக் கிடந்தது. உரிந்து உரிந்து என் முகத்தில் விழுந்தது. பிறகு சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு பூச்சு பூசினேன். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் சுண்ணாம்பு ஒட்டவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே கொஞ்சம் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் வெள்ளை.

மாமியார் வந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் கன்னத்தைத் தொட்டாள். ஜெயராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மதினி, கோயில் மாதிரி இருக்கு" என்றாள். நாலு வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே சுண்ணாம்பு வாங்கினார்கள்.

அவர் வந்தார். அன்று கண்ணாடி பிடிக்க வேறு ஆளில்லை. மாமியார் என்னைத் தள்ளிவிட்டாள். என் கை நடுங்கியது. கூரையில் வெளிச்சமும் நடுங்கியது.

"கை ஆடுனா மரம் ஆடற மாதரத் தெரியுமுங்க அம்முணி. மூச்ச உட்டுட்டுப் புடிங்க" என்றார் மேலே பார்த்தபடி.

மூச்சை விட்டுவிட்டுப் பிடித்தேன். வெளிச்சம் சன்னல் பக்கத்து உத்தரத்தில் போனது. வெள்ளை. கைமரங்களில் போனது. வெள்ளை. அவர் நடந்து நடந்து நின்றார். கழியால் தட்டினார். எட்டிய இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் போனார். அங்கே நின்றார். மற்ற எந்த இடத்தைவிடவும் அங்கேதான் நெடுநேரம் நின்றார். குரல்வளை ஏறி இறங்கியது. அந்தச் சுவரோரம்தான் குளிருக்கு இதமாக ஜெயராணியின் பாய் கிடந்தது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று இருந்தது.

அவர் கேட்டது வேறு. "ஆருங்க சுண்ணாம்பு அடிச்சது?"

"எங்க மருமவதான்யா" என்றாள் மாமியார். "ஒத்தையில ஏறி நின்னு அடிச்சிருக்கா."

அவர் விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். ரைட்டர் வாசலிலிருந்து அவசரப்படுத்தினார். இன்னும் மூன்று லயம் பாக்கி என்றார். மாமியார் ரைட்டருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் திரும்பினாள். அவர் என்னிடம் வந்து கண்ணாடிக்குக் கை நீட்டினார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசல் இறவாரத்தைத்தான் பார்த்தார். தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அந்தக் கரியிலதானுங்க எல்லாம் எழுதியிருக்கும். தண்ணி எறங்குன எடத்துல கோடு இருக்கும். மரம் அசஞ்ச எடத்துல வெடிச்சிருக்கும். அத அழிச்சுப்போட்டீங்களே அம்முணி. இந்த ஊடு எனக்குத் தெரியலீங்க."

நான் கண்ணாடியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"மழைக்கு முன்னாடி ஏணி வெச்சு ஒருக்காப் பாக்கோணும். ஆபீசுல கேக்கறனுங்க" என்றார். பிறகு, நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்கிற மாதிரி, "தெரியாத ஊட்டுல நான் கேக்க மாட்டனுங்க. தெரியாமப் பாய நகத்துனா, அது ஆளப் புடிச்சுத் தள்ளுன மாதர" என்றார்.

கண்ணாடியை வாங்கிச் சட்டையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"நம்ம வீட்டுல அவரு ஒண்ணும் கேக்கல" என்று மாமியார் லயம் முழுக்கச் சொன்னாள். குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள். சவரியம்மா வீட்டில் இந்த வருடமும் கேட்டிருந்தார், எங்கள் வீட்டில் கேட்கவில்லை என்பது அவளுக்குப் பெருமை. சுத்தமாக வைத்திருந்தால் கூரை ஏன் கெடுகிறது என்றாள். எனக்கு மட்டும் தெரியும், அவர் கேட்காதது நல்லதற்கில்லை என்று. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னால், நான் தேய்த்ததால் வந்த வினை என்று சொல்ல வேண்டும். என் கன்னத்தைத் தொட்ட கை அது. வாய் வரவில்லை.

ஏணியோடு யாரும் வரவில்லை. அவர் ஆபீசில் கேட்டார் என்றும், மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் வெகுநாள் கழித்துத் தெரிந்தது. கேட்டதோடு அவரும் விட்டுவிட்டாரே என்று நான் பிற்பாடு நினைத்ததுண்டு. அவர்மேல் எனக்கிருந்த குறை அது ஒன்றுதான். அதையும் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

மழை பிடித்தது. ஜெயராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவில் மரம் முனகுகிற மாதிரி எனக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் நின்ற இடம் கண் முன்னாலேயே இருந்தது. அடுப்புப் பக்கம். அங்கேதான் அத்தனை நேரம் நின்றார். அங்கேதான் குரல்வளை ஏறி இறங்கியது. அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அந்த உத்தரத்தில்தான் தொட்டில் தொங்கியது. அதன் கீழேதான் தாயும் படுத்திருந்தாள்.

குழந்தைக்குப் பதினாறாம் நாள். மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மரம் ஒரு தடவை முனகியது. நான் கும்பாவைக் கீழே வைத்தேன்.

"அவரு கேட்டாரு" என்றேன்.

என் குரல் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றுதான். மாமியார் நிமிர்ந்தாள். "யாரு? என்னத்தட்டி கேட்டாரு?"

"கூரை பாக்க வந்தவரு. கண்ணாடிய வாங்கும்போது. அடுப்புப் பக்கம் பாத்துக்கிட்டு, இங்க ஆருங்க படுக்கறதுன்னு கேட்டாரு."

அவர் சொல்கிற மாதிரியே சொன்னேன். அந்த இழுப்பு, அந்த மரியாதை, எல்லாம் அப்படியே என் வாயில் வந்தது. என் சொந்த வார்த்தையாக, எனக்குப் பயமாக இருக்கிறது, அவளை நகர்த்துங்கள் என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவர் வார்த்தைக்குத்தான் பாய் நகரும். அதனால் அதை எடுத்துக்கொண்டேன்.

"இத்தன நாளு வாயில என்னத்த வச்சிருந்த, சண்டாளி" என்றாள் மாமியார். கும்பாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். தன் கையாலேயே பாயை உருவி, சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். தொட்டில் கயிற்றை அவிழ்த்து அந்தப் பக்கத்து உத்தரத்தில் கட்டினாள். ஜெயராணி குழந்தையை ஏந்திக்கொண்டு போய்ப் படுத்தாள். "குளுரு அடிக்கி" என்றாள். அவளுக்கு என் போர்வையைக் கொடுத்தேன். எனக்கு அன்றுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு சோறு இறங்கியது.

நாலாம் நாள், காலை பத்து மணி இருக்கும். நான் காட்டில் நனைந்துகொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டில் சவரியம்மா நின்று கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து பரிகாசமில்லாமல் என் பேர் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சன்னல் பக்கத்து உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் உள்ளுக்குள்ளேயே மட்கிப் போயிருந்திருக்கிறது. மழையடிக்கிற மேற்குச் சுவர் அது. நுனி நழுவிச் சாய்ந்து, கைமரத்தையும் தகரத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. மரம் கிறீச்சிட்டபோது ஜெயராணி எழுந்து தொட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். உத்தரம் அவள் இடுப்பில் இறங்கியது. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அவளைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மரம் மழையில் நனைந்து கிடந்தது. முறிந்த நுனி மட்டும் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் அப்போது கீழ்த் தோட்டத்தில் ஏதோ வேலையாக இருந்தார். சங்கதி கேட்டு மறுநாள் மழையோடு வந்தார். லயமே கூடியிருந்தது. அவர் உள்ளே போய் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது. மழை அவர் கண்ணிலேயே விழுந்தது.

"நீரு கேட்டீருன்னுதானேய்யா பாய மாத்துனோம்" என்றாள் மாமியார். அழுகையில் அவளுக்குக் குரல் போயிருந்தது. "அடுப்புப் பக்கம் கெடந்த புள்ளய இங்கன கொண்டாந்து போட்டோம். நீரு கேட்டீருன்னுதானே."

ரைட்டர் நோட்டைக் குடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் மலையாளத்துக்காரர். "நான் கூடத்தானே இருந்தேன். இந்த வீட்டுல இவரு ஒண்ணும் கேட்டில்லல்லோ" என்றார்.

பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. மாமியார் தலை கடைசியாகத் திரும்பியது. சொல்ல வாய் திறந்தேன் என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். திறக்கவில்லை.

அவர் தலையை இறக்கினார். அவ்வளவு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். சாதாரணமான கண்கள். கொஞ்சம் பழுப்பு. ஒன்றைக் கண்டுபிடிக்கிறவர் பார்க்கிற மாதிரி, ஒரு கணம்தான் பார்த்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் ரைட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

"கேட்டனுங்க. போறப்பக் கேட்டனுங்க. நாந்தான்."

ரைட்டர் அதை எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேர் விலக்கினார்கள். யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ஆபீசுக்கு இது நல்லதாகப் போயிற்று. உத்தரவை மீறி லயத்தில் பேசினார், தப்பாகவும் பேசினார் என்று ஆயிற்று. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்த சித்திரையில் வேறு ஆள் வந்தார். வாசலில் நின்றே டார்ச் அடித்துப் பார்த்தார். எந்த வீட்டிலும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆவணியில் மேல் டிவிஷனில் ஒரு கூரை விழுந்து, பாயில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். எனக்கு அந்தப் பெரியவரைத் தெரியாது. பழைய ஆளே வந்திருந்தால் அந்த இடத்தில் நின்று கேட்டிருப்பாரோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஜெயராணி அதன் பிறகு நேராக நடக்கவில்லை. மழை பிடித்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கும். வலித்தால் அவரைத் திட்டுவாள். பாய் மாத்தச் சொன்ன பாவி என்பாள். நான் எண்ணெய் காய்ச்சித் தடவிவிடுவேன். அவள் திட்டி முடிக்கும்வரை தடவுவேன். போன வருடம் அவள் காலமாகிவிட்டாள். இனி அவரைத் திட்ட ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பேர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. அவர் சொல்லாததை ஒரு தடவை அவர் வாயில் வைத்துவிட்டேன். அது போதும்.

அவர் தோட்டத்தை விட்டுப் போன அன்று காலையில் நான் குழாயடியில் நின்றேன். ஜீப்புக்குப் போகிற வழி அது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார். பழையபடி தலை மேலே போய்விட்டது. எங்கள் லயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அடுப்புப் பக்கத்து மரத்துல கொஞ்சம் கரி இருந்துச்சுங்க. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதான் நின்னு பாத்தேன்."

குடம் நிரம்பி வழிந்தது.

"நல்ல மரமுங்க அம்முணி. பொக குடிச்ச மரம். இன்னும் இருவது மழை தாங்கும்."

போய்விட்டார். சுவரைக் கட்டி, சன்னல் பக்கத்துக்குப் புது உத்தரம் வைத்துக் கொடுத்தார்கள். அடுப்புப் பக்கத்தில் பழையதே இருந்தது. அதன் கீழே நான் பாய் விரித்தேன். என் பிள்ளைகளுக்குத் தொட்டில் அதில்தான் கட்டினேன். அதற்குப் பிறகு நான் கூரையைத் துடைக்கவில்லை. கரி ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் மலையிறங்கிய வருடம் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதற்கு மேல் இரண்டு மழை தாங்கியிருந்தது.